இரண்டு படுக்கைகள் காலியாக இருந்தன

போன மாதம் குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அறிமுகம் செய்துவைத்த பெண், "ஒரே ஒரு வார்த்தை சொல்லி ஒரு குடிகாரரைத் திருத்தியவர்" என்று என்னைப் பற்றிச் சொன்னாள். கடலூர்ப் பக்கம் எங்கள் குப்பத்துப் பெண்தான். அவளுடைய அப்பா சொல்லி இந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சால்வையைப் போட்டுக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்துவிட்டேன்.

வரும்போது கையில் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். குடிநோய் பற்றி மக்களிடம் உள்ள தவறான நம்பிக்கைகள் என்று பத்து போட்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். பத்தில் ஏழு ஒரு காலத்தில் நானே நம்பியவை. மீதி மூன்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஏழில் ஒன்றைப் பரப்பியவனும் நான்தான். சால்வையைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் ஆண் நர்ஸாகப் படித்தவன். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகாமல் சம்பளத்துக்குப் போன இரண்டாவது ஆள். மூன்று வருடப் படிப்பில் எனக்கு நன்றாக வந்தது படுக்கை விரிப்பை மடிப்பு விழாமல் போடுவது. மற்றதெல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில் சிதம்பரத்தில் டாக்டர் தைரியநாதனிடம் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டது. தேரோடும் வீதிக்குப் பின்பக்கம் பன்னிரண்டு படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி அவருடையது. ஆண் நர்ஸ் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எல்லாருக்கும் நான் கம்பவுண்டர்.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. சட்டப்படி எங்கள் ஜில்லாவில் குடிகாரரே கிடையாது. ஆகவே எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் வயிற்றுவலிக்காரர்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் மதுவிலக்கு இல்லாத பாண்டிச்சேரி. அங்கே போய் வயிற்றுவலியை வாங்கிக்கொண்டு வருவார்கள். பஸ்ஸுக்கு வழியில்லாதவர்கள் சவுக்குத் தோப்புக்குள் ஊறல் போட்டு உள்ளூரிலேயே தயாரித்துக்கொண்டார்கள்.

டாக்டருக்கு ஒரு பழக்கம். குடிக்கிற ஆள் வந்து முன்னால் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். ஏன் குடிக்கிறாய், எப்போது ஆரம்பித்தாய், பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்றெல்லாம் கேட்க மாட்டார். "கடைசியா எப்போ?" என்று மட்டும் கேட்பார். கூலிக்காரராக இருந்தாலும் மிராசுதாராக இருந்தாலும் அதே கேள்வி, அதே 'நீங்க'. பதில் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து மணி கணக்குப் போடுவார். அந்த நேரத்தை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டியது என் வேலை. பெயர், ஊர், கடைசியாகக் குடித்த நேரம், யார் சொல்லி வந்தார் என்று நாலு கட்டம்.

கூட வருகிற உறவுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் புத்திமதி சொல்ல வந்துவிடும். டாக்டர் அவர்களைத் தடுக்க மாட்டார். "இவருக்கு இளநீ வேணும், வாங்கிட்டு வாங்க" என்பார். லேசாகச் சொன்னவர்களுக்குத் தெருமுனை இளநீர் போதும். விடாமல் சொல்கிறவர்களுக்குக் கீரப்பாளையத்து இளநீர்தான் ஆகும். சைக்கிளில் போய்வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரு மாமனார் ஒரே நாளில் மூன்று தடவை கீரப்பாளையம் போய்வந்தார். இந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் கடுமை என்று ஊரில் போய்ச் சொன்னாராம்.

வைத்தியமும் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வந்த ஆளைக் கை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைப்போம். கை ஆடுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காகிதம் சொல்லிவிடும். முதலில் வைட்டமின் பி-ஒன் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். முறை மாறக்கூடாது. சுவரில் சட்டை மாட்டக்கூடாது, அது அவர்களுக்கு ஆளாகத் தெரியும். கண்ணாடி இருக்கக்கூடாது. விளக்கை அணைக்கக்கூடாது. கட்டிப்போடவே கூடாது. ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது சிதம்பரம், நான் கலியபெருமாள், இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்ல வேண்டும். அவர்கள் பதில் சொல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். முதல் வருடம் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் வீட்டில் சோறு போடும்போதும் இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

நடுக்கம் அடங்கப் பாரால்டிஹைடு என்று ஒரு மருந்து கொடுப்போம். அதன் வாடை மூச்சில் இரண்டு நாள் நிற்கும். வாசல்வரைக்கும் வரும். சாராயத்தை நிறுத்த இங்கே சாராயமே ஊற்றுகிறார்கள் என்று சிதம்பரம் முழுக்கப் பேச்சு. அதைக் கேள்விப்பட்டு, தனக்கும் கொஞ்சம் வயிற்றுவலி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

நான் அங்கே முதலில் கற்றுக்கொண்டது, பல வருடம் நிறையக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் செத்துப்போகலாம் என்பது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். குடித்துச் செத்தவனைப் பார்த்திருக்கிறோம், குடிக்காமல் செத்தவன் உண்டா என்பார்கள். முதல் நாள் நடுக்கம், வியர்வை. அடுத்து வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அந்த மூன்று நான்கு நாளைத் தாண்டிவைப்பதற்குத்தான் எங்கள் படுக்கைகள். அதற்குப் பிறகு குடிக்காமல் இருப்பது வேறு வேலை, அது வருடக்கணக்கில் நடக்கும் என்பார் டாக்டர். அந்த இரண்டாவது பாதி என் மண்டையில் ஏறவில்லை.

கோவிந்தன் என் தங்கை அஞ்சலையின் புருஷன். சொந்தக் கட்டுமரம் வைத்திருந்தவன். அலையைப் பார்த்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்வான். அவனும் நானும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்களிடம் ஐந்து தடவை வந்து படுத்தான். ஐந்து தடவையும் நல்லபடியாக எழுந்து போனான். ஒரு தடவை நாலு மாதம் தாங்கினான், ஒரு தடவை பதினோரு நாள். திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி வைத்து, முதல் முறை பார்ப்பது போல, "கடைசியா எப்போ?" என்பார். நான் பதிவேட்டில் புது வரி எழுதுவேன். எனக்குத்தான் கூசும். மற்ற ஆட்கள் முன்னால் என் தங்கை புருஷன் திரும்பத் திரும்ப வருவது என் வேலைக்கே இழுக்கு என்று நினைத்தேன்.

ஆறாவது தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டாக்டர் கோவிலுக்குப் போயிருந்தார். வாசலில் நான் மட்டும் இருந்தேன். கோவிந்தன் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், படுக்கை இருக்கா?"

"இல்ல."

"ஒரு ஓரமாப் பாய் போட்டாக்கூடப் போதும் மச்சான். கை ரொம்ப ஆடுது."

"அஞ்சு தடவ படுத்தாச்சு. ஒனக்குப் பாய் போட்டே எங்களுக்கு வயசாயிடும் போலக்கீது. ஒனக்கு மருந்து வேணாம், ரோஷம் வேணும். ரோஷம் இருந்தா நீயே நிறுத்து. நிறுத்திட்டு வந்து என் மூஞ்சில முழி."

"சரி மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். உள்ளே இரண்டு படுக்கைகள் காலியாக இருந்தன. விரிப்பு மடிப்பில்லாமல் போட்டு வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலை வந்தாள். ஒரு கூடை இறால் கொண்டுவந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, நீ என்னா சொன்னியோ தெரியல. ஞாயித்துக்கெழம வந்ததிலேருந்து ஒரு சொட்டு தொடல. ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. பழைய வெஷமெல்லாம் எறங்குதுன்னு சொல்றாங்க. இன்னிக்குத் திருவந்திபுரத்துல மொட்டை. அவுங்க அண்ணனுங்க அழைச்சினு போயிருக்காங்க. நான் ஒன்னப் பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

டாக்டர் காப்பி டம்ளரோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் கேட்டார்.

"கடைசியா எப்போம்மா?"

"ஞாயித்துக்கெழம காலைல அய்யா. இங்க அண்ணனப் பாக்கக் கெளம்பறதுக்கு முன்னாடி."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை இங்க வந்தாரா?"

"வந்தாருங்க."

டாக்டர் காப்பியை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார். அவர் காப்பியை மிச்சம் வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இறால் கூடை வாசலிலேயே இருந்தது. சமையல்காரர் அதைத் தொக்கு வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பழைய கார். வழியில் அஞ்சலை, "நல்லாத்தானே இருக்காரு, ஏண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டாள். நான் ஜன்னல் வழியே கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருவந்திபுரத்தில் மலையடிவாரத்தில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் கோவிந்தன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். வலது பாதித் தலை மழித்திருந்தது. இடது பாதியில் முடி அப்படியே நின்றது. நாவிதர் கத்தியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் குந்தியிருந்தாரு. பாதி எடுக்கறப்ப எழுந்துட்டாரு. வலையில சிக்கு வுழுந்துடுச்சு, பிரிங்க பிரிங்கன்னாரு. என் கையில கத்தி இருக்குது, நான் என்னா பண்றது?" என்றார்.

கோவிந்தன் விரல்களால் காற்றிலிருந்து கண்ணி கண்ணியாக எதையோ பிரித்துக்கொண்டிருந்தான். கூட்டம் இரண்டு கட்சியாக நின்றது. சாமி வந்திருக்கிறது என்று ஒரு கட்சி கற்பூரம் கொளுத்தியிருந்தது. பெருமாள் கோவிலில் ஏது சாமியாட்டம், இது பாண்டிச்சேரிச் சரக்கு என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஒரு போலீஸ்காரர் கிடைத்திருந்தார். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாய ஊதுய்யா" என்று கோவிந்தனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "இவர் குடிச்சதனால ஆடல. குடிக்காததனால ஆடுறார்."

"அது எந்த செக்ஷன்ல சார் வருது?" என்றார் போலீஸ்காரர். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எதுலயும் வராது. நீங்க கால் பக்கம் பிடிங்க, கார் வரைக்கும் தூக்கணும்."

போலீஸ்காரர் நோட்டை மூடுவதற்குள் வலிப்பு வந்தது. உடம்பு வில்லாக வளைந்து மண்ணில் அடித்தது. கையில் சாவியைக் கொடு, இரும்பைக் கொடு என்று அவன் அண்ணன்கள் கத்தினார்கள். டாக்டர் யாரையும் கிட்டே விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். நான் கண்ணாடிச் சிரிஞ்சில் பாரால்டிஹைடை ஏற்றினேன். தொடையில் போட்டதும் அந்த வாடை எழுந்தது. "பாருங்கப்பா, ஊசியிலயே ஊத்துறாங்க" என்று ஒருவர் சொன்னார். போலீஸ்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு நோட்டை மறுபடி திறந்தார். அப்புறம் அஞ்சலை கத்தி அழுததைப் பார்த்து மூடிப் பையில் வைத்துவிட்டுக் காலைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்த படுக்கைகளில் ஒன்றில் போட்டோம். மூன்று நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோவிந்தா, இது சிதம்பரம், நான் கலியபெருமாள், இன்றைக்குப் புதன்கிழமை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பகலில் ஒரு தடவை கண் திறந்து என்னை உற்றுப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை.

"இங்க எம் மச்சான் கீறான்" என்றான். "பெரிய ஆளு. அவன்கிட்ட சொல்லாதீங்க. படுக்கை இல்லன்னு அனுப்பிட்டான். நான் வந்துட்டேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவான்."

"சொல்லல" என்றேன். வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

அவன் பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்த அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார், வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்துப் போய் நின்றேன். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, "கலியபெருமாள், கீரப்பாளையம் போய் இளநீ வாங்கிட்டு வாங்க" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பதினைந்து வருடம் அவரிடம் வேலை பார்த்ததில் எனக்குக் கிடைத்த தண்டனை அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் மீதிப் பாதித் தலையையும் மழித்துவிட்டுக் கோவிந்தன் ஊருக்குப் போனான். அதற்கப்புறம் அவன் குடிக்கவில்லை. ஏன் ஆறாவது தடவை நின்றது, ஐந்தாவது தடவை ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, கேட்டால் அப்படியே சொல்வார். ஆனால் கோவிந்தனுக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்று நாளில் எதுவுமே அவன் நினைவில் தங்கவில்லை. என் வாசலில் நின்றது ஞாபகம் இருந்தது. நான் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. நடுவில் மொட்டை. அப்புறம் பலவீனத்துக்கு ஆஸ்பத்திரியில் கொஞ்சம் படுத்திருந்தது. பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சலையும் அவன் அண்ணன்களும் நடந்ததை அவனிடம் பேசவே இல்லை.

"எம் மச்சான் ஒரே வார்த்தைதான் சொன்னான். ரோஷம் இருந்தா நிறுத்துன்னான். அன்னிக்கே நிறுத்திட்டேன். மருந்தாவது ஊசியாவது" என்று கடற்கரையில் வலை காயப்போடும்போதும் சொல்வான், கல்யாண வீட்டிலும் சொல்வான். பெரியவர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒரு தடவை, "அவருக்கு நடந்ததைச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஊரில் நான்கு பேர் நடுவில் என் பெயர் அப்படி அடிபடுவது எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. இதை இத்தனை வருடம் கழித்துத்தான் எழுத முடிகிறது.

அஞ்சாறு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அஞ்சலையும் கோவிந்தனும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கையில் கூடை இல்லை. கோவிந்தன் பக்கத்துக் கட்டுமரத்து ஏழுமலையைப் பற்றிச் சொன்னான். எனக்கும் தெரிந்தவன்தான். சின்ன வயதில் நாங்கள் சேர்ந்து நீந்தியிருக்கிறோம். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் அவனுக்கு வலையைப் பிடிக்க முடியும்.

"நான்தான் மச்சான் அவங்கிட்ட சொன்னேன். எல்லாரும் இருக்கறப்ப கேட்டேன், ரோஷம் இருக்குதாடான்னு. இருக்குதுன்னான். அன்னிக்கே நிறுத்திட்டான். யாரும் குடுத்துடக்கூடாதுன்னு வலை வைக்கிற கொட்டாயில போய்க் கதவச் சாத்திக்கினான். மூணா நாளு மத்தியானம் தொறந்து பாத்தோம். உசுரு இல்ல. வாயெல்லாம் மண்ணு மச்சான்."

அப்புறம் கேட்டான். "நான் நிறுத்துன மாதிரிதானே அவனும் நிறுத்துனான்?"

அன்றைக்குத்தான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருவந்திபுரத்தில் காற்றில் வலை பிரித்தது, பாதி மொட்டை, வலிப்பு, தொடையில் போட்ட ஊசி, மூன்று நாள் என்னையே அடையாளம் தெரியாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே இரண்டு படுக்கைகள் காலியாக இருந்ததையும் சொன்னேன். அவன் நடுவில் ஒரு தடவை தலையின் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு இருந்துதா?" என்றான்.

"இருந்துது."

அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து கோவிந்தன் எதிரில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஏழுமலை கடைசியா எப்போ?" என்று கேட்டார். கோவிந்தன் கிழமையும் பொழுதும் சரியாகச் சொன்னான். டாக்டர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். எங்கள் வாசலுக்கே வராத ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னது அதுவரை இல்லாத வழக்கம். ஏழுமலை என்று எழுதினேன். ஊர் எழுதினேன். கடைசி நேரம் எழுதினேன்.

நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. யார் சொல்லி வந்தார் என்பது அந்தக் கட்டம்.

"எம் பேர எழுது மச்சான்" என்றான் கோவிந்தன்.

நான் கலியபெருமாள் என்று எழுதினேன்.